கணினிக்குள் கைப்பிடிப் பஞ்சு

மாதத்தில் இரண்டு நாள்கள் எனக்கு எமகண்டம். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. இரண்டும் ஜிஎஸ்டி வரிக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டிய கணக்குகள். கோவைப் பக்கம், விசைத்தறி ஊரான சோமனூரைச் சுற்றி ஒன்பது பேருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். காடா துணி வியாபாரிகள் இரண்டு பேர், தறிக்குடோன்காரர்கள் மூன்று பேர், நூல் கடை ஒன்று, மற்றவை சில்லறை. ஒன்றாம் தேதியிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பேன். பில் கட்டு என்னவோ கடைசி இரண்டு நாளில்தான் திண்ணைக்கு வந்து சேரும். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்ட வேண்டும். தொகை சிறிதுதான். ஆனால் அந்த 50 ரூபாய்க்கு அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு வட்டி தனி.

போன ஆடி மாதம், ஆங்கிலத் தேதி 19, இரவு ஒன்பதரை மணி. நான்காவது ஆளின் கணக்கைப் பாதி ஏற்றியிருந்தேன். கணினி பட்டென்று அணைந்தது. மின்சாரம் போகவில்லை. விளக்கு எரிகிறது, பக்கத்துக் குடோனில் தறி ஓடுகிற சத்தம் கேட்கிறது. மறுபடி போட்டேன். பத்து நிமிடம் ஓடி அணைந்தது. மூன்றாம் முறை நான்கே நிமிடம்.

மூன்று வாரமாகவே அது எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பெட்டிக்குள்ளிருக்கும் விசிறி முன்பெல்லாம் சுற்றுவதே தெரியாது. இப்போது கரும்பாலை மாதிரி இரைந்தது. கணக்கு எழுதுகிற மென்பொருளான டேலியில் ஒரு வவுச்சர் சேமிக்க, காபி ஒரு மிடறு குடிக்கும் நேரம் பிடித்தது. எட்டுத் தறி ஓடுகிற வீட்டில் யார் விசிறிச் சத்தத்தைக் கவனிப்பார்கள்? நான் கவனிக்கவில்லை.

அக்கம்பக்கத்தில் கணினி மெதுவானால் எல்லோரும் சொல்வது ஒரே சொல்தான்: வைரஸ். ஜிஎஸ்டி வந்த அடுத்த வருடம் இதே மாதிரி மெதுவானபோது டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிப் போனேன். பெட்டியைத் திறக்காமலே “வைரஸ் அக்கா” என்றான் கடைப் பையன். மறுநாள் ஃபார்மேட் செய்து, அதாவது உள்ளிருந்ததை எல்லாம் அழித்து, கொடுத்தான். 800 ரூபாய். டேலிக் கணக்குகள் மொத்தமும் சி டிரைவில் இருந்தன. எடுத்து வைத்துவிட்டுச் செய் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பில் கட்டுகளை வீட்டுக் கூடமான ஆசாரத்தில் பரப்பிவைத்து, பதினோரு இரவு உட்கார்ந்து திரும்ப ஏற்றினேன். அவன் போட்டுக் கொடுத்த விண்டோஸ் திருட்டு நகல் என்பதும், அது மாட்டிக்கொள்ளாமல் இருக்க அப்டேட்டையே நிறுத்திவைத்திருந்தான் என்பதும் இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய வருடம்தான், 2017 மே மாதம், வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். என் கணினியிலோ அப்டேட் வரும் வாசலையே சுவர் வைத்துப் பூசியிருந்தான் அந்தப் பையன். காசு கொடுத்து உண்மையான விண்டோஸ் வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து எந்தக் கடைக்கும் என் பெட்டி போவதில்லை.

ஆகவே அன்று இரவு பெட்டியை நானே திறப்பது என்று முடிவு செய்தேன். மின்கம்பியைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன், உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று. பக்கவாட்டுத் தகட்டில் இரண்டு திருகாணி. என் கணவர் குடோனிலிருந்து டார்ச்சும் திருப்புளியும் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார்.

தகட்டைக் கழற்றியதும் இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

உள்ளே ஒரு குருவிக்கூடு இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கணினியின் மூளையான பிராசசருக்கு மேலே அலுமினியத் தகடுகள் சீப்பு மாதிரி அடுக்கியிருக்கும். அதன் தலையில் ஒரு சிறு விசிறி. விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே, தறியில் படிகிற அதே பஞ்சு, வெள்ளையும் சாம்பலுமாக, அரை விரல் கனத்துக்குக் கம்பளி போலப் பின்னிக் கிடந்தது. நகத்தால் ஓர் ஓரத்தைத் தூக்கினால் துண்டாக, வடை மாதிரி வட்டமாகவே எழுந்து வந்தது. விசிறி சுற்றச் சுற்ற, காற்றோடு பஞ்சையும் உறிஞ்சியிருக்கிறது. காற்று கீழே இறங்க வழியில்லை. சூடு ஏறினால் பிராசசர் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைத்தான் நாம் மெதுவாகிவிட்டது என்கிறோம். அதற்கும் மிஞ்சி 100 டிகிரியை நெருங்கினால், கருகிப்போகாமல் இருக்கத் தன்னையே அணைத்துக்கொள்ளும். அன்று நடந்தது அதுதான். அந்த வைரஸ் வருடமும் இதேதான் நடந்திருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது. ஃபார்மேட் செய்த பிறகும் அது பெரிதாக வேகமாகிவிடவில்லையே.

“எட்டுத் தறிக்கும் தினம் பஞ்சு ஊதுகிறோம், எண்ணெய் விடுகிறோம். இதை ஒருநாளும் திறக்கவில்லையே” என்றார் கணவர். சொல்லிவிட்டு, தறி ஊதுகிற கம்பிரசர் குழாயை எடுத்துவரக் கிளம்பினார். நல்லவேளை, தடுத்தேன். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து வரும், அழுத்தமும் அதிகம். தறியின் இரும்பு தாங்கும், இது தாங்காது. தம்பியின் (எங்கள் பையனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஓவியப் பெட்டியிலிருந்து ஓர் அங்குலப் பிரஷ் எடுத்துக்கொண்டேன். விசிறி சுற்றாமல் ஒரு விரலால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு தள்ளித் தள்ளி எடுத்தேன். எடுத்த பஞ்சைக் கையில் உருட்டினால் ஒரு கைப்பிடி. கணவர் அதை மோந்து பார்த்துவிட்டு, “40-ஆம் நம்பர் நூல்” என்றார். அவருக்கு எல்லாமே தறிதான்.

அலுமினியக் கட்டியைக் கழற்றியபோது, அதற்கும் பிராசசருக்கும் நடுவில் தடவியிருக்க வேண்டிய பசை திருநீறு மாதிரி காய்ந்து உதிர்ந்தது. தெர்மல் பேஸ்ட். இரண்டு உலோகத்துக்கும் இடையிலான நுண்ணிய இடைவெளியை நிரப்பிச் சூட்டைக் கடத்துவது அதன் வேலை. கோவையில் வாங்கி வைத்த ஒரு குழாய் மேசை இழுப்பறையில் ஒரு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பச்சைப்பயறு அளவு நடுவில் வைத்து அழுத்தினால் தானே பரவிக்கொள்ளும். அதிகம் வைத்தால் பக்கத்தில் வழியும், பயனும் கிடையாது.

பூட்டினோம். மின்சாரம் கொடுத்தோம். விசிறிச் சத்தமே இல்லை. நான் பெருமையோடு ஜிஎஸ்டி தளத்தைத் திறக்கிறேன், திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்கிறது. வங்கித் தளமும் அதையே சொல்கிறது. ஒன்றை விட்டால் இன்னொன்று என்று வயிறு கலங்கியது. பிறகுதான் திரையின் வலது மூலையைப் பார்த்தேன். 2014 ஜனவரி 1, அதிகாலை 12.09.

“ஜிஎஸ்டி வராத காலத்துக்குப் போய்விட்டது. அங்கேயே இருக்கட்டும், விடு” என்றார் கணவர்.

கணினியின் மதர்போர்டில் பழைய எட்டணா மாதிரி ஒரு பேட்டரி உண்டு, சிஆர்2032, மூன்று வோல்ட். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். எங்களுடையது எப்போதோ செத்திருக்கிறது. யுபிஎஸ்ஸிலேயே செருகிக் கிடந்ததால் தெரியவில்லை. ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் இருக்கும். பிரௌசர் அதைக் கணினியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. 2014-ல் நிற்கிற கணினிக்கு, 2025-ல் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்காத பிள்ளை. தேதியைக் கையால் திருத்தினேன். எல்லாம் திறந்தது. கடைசிக் கணக்கை அனுப்பியபோது மணி ஒன்று நாற்பது. பேட்டரியை மறுநாள் வாட்ச் கடையில் வாங்கினேன்.

அதோடு சுடச்சுட இன்னொன்றும் செய்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி போட்டேன். பதினோரு வயதுக் கணினிக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்வருகிற வழக்கமே நின்றுபோனது.

பஞ்சு விஷயம் முடிந்ததும் எனக்குத் துப்புரவுப் பித்து பிடித்துவிட்டது. வீட்டு இணையத்தின் மேல் கண் போயிற்று.

ஃபைபர் கேபிள் எங்களுக்குக் கம்பத்துக்குக் கம்பம் தொங்கித்தான் வருகிறது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்க ஆரம்பித்தால் இந்தப் பக்கம் எதுவும் நிலையாக நிற்காது. கேபிள் ஊஞ்சல் ஆடும். அதைக் கட்டுப்படுத்துகிறேன் என்று கணவர் ஜன்னலோரம் ஊடை நூலால் இறுக்கி, ஆணியில் வளைத்துக் கட்டியிருந்தார். உள்ளே போவது கண்ணாடி இழை, ஓடுவது வெளிச்சம். கூர்மையாக வளைத்தால் வெளிச்சம் கசிந்துவிடும். மோடத்தில் லாஸ் என்று எழுதிய, சிக்னல் அறுந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு அடிக்கடி மினுக்கியதற்கு அந்த முடிச்சுதான் காரணம். அவிழ்த்து, வளையல் அளவுக்குத் தளர்வாகச் சுற்றிவிட்டேன். லைன்மேன் மூன்று முறை வந்துபோன தகராறு அதோடு தீர்ந்தது.

வைஃபை கடவுச்சொல் எது என்று எங்கள் தெருவில் கேட்டால் நாய்கூடச் சொல்லும். கணவரின் கைப்பேசி எண். குடோன் சுவரில் கரிக்கட்டியால் எழுதியும் இருந்தது. மாற்றினேன். மாற்றியதும் முதலில் முகம் வாடியவர்கள் எங்களிடம் தறி ஓட்டுகிற இரண்டு பீகார்ப் பையன்கள். இரவு ஷிப்ட் முடிந்து ஊரில் இருக்கிற அம்மாவை வீடியோவில் பார்ப்பது அந்த வைஃபையில்தான். அதைப் பிடுங்குவது நியாயமில்லை. ரவுட்டரில் விருந்தினர் இணைப்பு என்று தனியாக ஒன்று வைக்கலாம். ஒரே இணையம்தான், ஆனால் அதில் வருகிறவர்களுக்கு என் கணினியும் பிரிண்டரும் கண்ணில் படாது. திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுப்பது போல. அதைப் போட்டுக்கொடுத்தேன். ரவுட்டருக்குள் நுழைகிற கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு என்பதே பலருக்குத் தெரியாது. எங்கள் ரவுட்டரின் உள்வாசலுக்குப் பெயரும் அட்மின், சொல்லும் அட்மின்.

குடோன் கேமராப் பெட்டிக்கும் அதுவே. அதைப் பார்த்ததும் கொஞ்சம் பயந்துதான் போனேன். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படிப்பட்ட கேமராக்களையும், படத்தைப் பதிந்துவைக்கும் டிவிஆர் பெட்டிகளையும், கம்பெனி வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத ஒரே காரணத்தால், லட்சக்கணக்கில் பிடித்துப் படை திரட்டியது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களே மணிக்கணக்கில் முடங்கின. எங்கள் குடோனின் நான்கு கேமராக்கள் அதில் சேர்ந்து யுத்தம் செய்திருக்குமோ என்னவோ. பாவு சுற்றுகிற மூலையைக் காட்டுகிற அந்த மூன்றாம் கேமராவைப் பார்த்தால் அப்படியொன்றும் வீரமாகத் தெரியவில்லை.

இப்படியாக, ஆவணி பிறக்கும்போது எங்கள் வீடு கோட்டை மாதிரி இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி முதல் முகூர்த்தத்திலிருந்து பத்திரிகைகள் வந்து குவியும். இப்போது பாதி வாட்ஸ்அப்பில். என் மாமியாருக்கு வயது எழுபத்தொன்று. இரண்டு மாடு வைத்திருக்கிறார். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கு வரும். போன் அவருக்கு மாடு கட்டுகிற கட்டுத்தரையிலும் கையில்தான் இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை மதியம், பல்லடத்திலிருக்கும் பங்காளி ஒருவரின் எண்ணிலிருந்து பத்திரிகை வந்திருக்கிறது. தெரிந்த எண், தெரிந்த படம். திறக்கப் போனால், இது புதிய செயலி, போடவா என்று போன் கேட்டிருக்கிறது. பத்திரிகை படம், பிடிஎஃப் என்றால் அப்படிக் கேட்காது. வந்தது ஏபிகே கோப்பு. ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவுகிற பொட்டலம். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஏபிகே என்ற மூன்று எழுத்து இருந்திருக்கும். எழுபத்தொரு வயதுக்காரர் அந்த மூன்று எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அக்கிரமம். சரி என்று அழுத்தியிருக்கிறார். குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்றது, சரி. தொடர்புகளைப் பார்க்கலாமா, சரி. பிறகு ஒரு பக்கம் திறந்து ஏடிஎம் அட்டையின் எண்ணைக் கேட்டிருக்கிறது.

சுருக்குப் பையிலிருந்து அட்டையை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாகத் தட்டியிருக்கிறார். ஏன் அத்தை கொடுத்தீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். “மொய்க்குக் கேட்கிறார்கள் போல என்று நினைத்தேன் கண்ணு” என்றார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பத்திரிகையிலேயே கியூஆர் கோடு அச்சடித்து மொய் வாங்குகிற காலம்தான் இது.

அன்று மாலையே இரண்டு தவணையாக 18,400 ரூபாய் போய்விட்டது. வங்கி அனுப்பிய ஓடிபியை அந்தச் செயலி படித்து எவனுக்கோ அனுப்பிவிட்டது. பணம் போனதற்கு வந்த செய்தியைத்தான் அவர் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லவில்லை. சோறு தின்றார். மாட்டுக்குத் தீவனம் வைத்தார். படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஆறரை மணிக்குக் கணவருக்கு அவிநாசியிலிருந்து அவருடைய மாமன் போன் செய்தார். குரலில் வருத்தம். “யாருக்கு மாப்பிள்ளை கல்யாணம்? ஒரு வார்த்தை நேரில் வந்து சொல்லக் கூடாதா?” எங்கள் வீட்டில் இருப்பது எட்டாம் வகுப்பு படிக்கிற ஒரே பையன். அடுத்து காங்கேயத்திலிருந்து, அடுத்து தாராபுரத்திலிருந்து. பால் சொசைட்டிச் செயலாளர் ஒருவர், மாட்டு டாக்டர் ஒருவர். அந்தச் செயலி இரவோடு இரவாக அத்தையின் போனிலிருந்த ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அதே பத்திரிகையை அனுப்பிவிட்டிருந்தது. பங்காளி எண்ணிலிருந்து எங்களுக்கு வந்ததும் இப்படித்தான். அவரும் ஏமாந்தவர்.

நான் செய்தவை வரிசையாக ஞாபகமிருக்கின்றன, ஏனென்றால் கை நடுங்கிக்கொண்டே செய்தேன். அத்தையின் போனை ஃபிளைட் மோடில் போட்டேன், இனி எந்த ஓடிபியும் அந்த வழியாகப் போகக் கூடாது என்று. என் போனிலிருந்து 1930-க்கு அழைத்தேன். இணையப் பண மோசடிக்கென்று இருக்கிற உதவி எண் அது. பணம் எந்தக் கணக்குக்குப் போயிற்று என்று சங்கிலி பிடித்து, இன்னும் எடுக்காமல் நிற்கிற தொகையை நிறுத்திவைப்பார்கள். வங்கிக்கும் அழைத்து அட்டையை முடக்கினேன். சைபர் கிரைம் தளத்தில் புகாரை ஏற்றினேன். கணவர் தன் போனிலிருந்து ஒவ்வோர் உறவினராகக் கூப்பிட்டு, “கல்யாணம் இல்லை, திறக்காதீர்கள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தாராபுரத்து அக்கா திறந்தும்விட்டிருந்தார். அட்டை எண் கேட்கும்போது கண்ணாடி கிடைக்காததால் தப்பித்தார். அத்தையின் போனை முழுக்க அழித்துப் புதிதாக ஆரம்பித்தேன்.

1930-ல் பேசியவர் கேட்ட முதல் கேள்வி: “எத்தனை மணிக்குப் பணம் போனது?” முந்தைய நாள் மாலை ஐந்தரை என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிறு மௌனம். இரண்டாம் தவணையில் 6,200 ரூபாய் ஒரு கணக்கில் நின்றது, அதை நிறுத்திவைத்தார்கள். மிச்சம் ஏற்கெனவே ஏதோ ஊர் ஏடிஎம்மில் காசாகிவிட்டிருந்தது. பதினான்கு மணி நேரம் கடந்திருந்தது.

இரவே ஏன் சொல்லவில்லை என்று கணவர் அவரைக் கேட்டார். அத்தை என்னைப் பார்க்காமல், மாட்டைப் பார்த்துச் சொன்னார்: “போன வருடம் ஒரு மெசேஜை எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன் என்று கண்ணு சத்தம் போட்டாளே. அதுதான்.”

எனக்கு ஞாபகம் வந்தது. இலவச ரீசார்ஜ் என்று ஏதோ ஒரு இணைப்பு. ஒறம்பரை நான்கு பேர் உட்கார்ந்திருந்தபோது, படித்துப் படித்துச் சொன்னாலும் புரியாதா அத்தை என்று கத்தினேன். அவர் எதுவும் பதில் சொல்லாமல் எழுந்து போனார். நானும் அன்றே மறந்துவிட்டேன்.

அன்று அவர் பக்கத்தில் கட்டுத்தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சாணிக்கூடையை எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான். அன்று இரவு, எனக்கே 2021-ல் ஒரு கூரியர் மெசேஜை நம்பி 25 ரூபாய் கட்டப் போய் 3,000 ரூபாய் போன கதையைச் சொன்னேன். கணவருக்கே தெரியாத கதை. அத்தைக்கு முகம் தெளிந்தது. “நீயுமா?” என்றார். அப்புறம் நான்கு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் அன்று தறிகளைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, பொரி கடலை படைப்போம். கணினிக்கும் திரை மேல் சந்தனம் குங்குமம் வைப்பது உண்டு. ஒரு வருடம் தம்பி பக்தி முற்றி யுஎஸ்பி துளைக்குள் குங்குமம் வைத்து, ஒரு பென் டிரைவை மோட்சத்துக்கு அனுப்பினான். இந்த முறை பொட்டு வைக்கும் முன் பெட்டியைத் திறந்தேன். மூன்று மாதத்தில் மறுபடி ஒரு மெல்லிய பஞ்சுப் படலம். பிரஷால் தட்டினேன். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று நாட்காட்டியில் எழுதிவிட்டேன்.

அன்றே கடவுச்சொற்களையும் மாற்றினேன். என் கணவரின் எல்லாக் கடவுச்சொல்லும் குடோன் பெயரும் 123-ம்தான். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று, அடிக்கடி மாற்று என்று உலகத்தையே படுத்திய விதியை 2003-ல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்றுக்காக எழுதிய பில் பர் என்பவர், அதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக 2017-ல் சொன்னார். அதே வருடம் அந்த நிறுவனமும் விதியை மாற்றி, நீளமே முக்கியம் என்றது. ஆகவே எங்கள் வீட்டுக் கடவுச்சொற்கள் இப்போது வாக்கியங்கள். கட்டுத்தரை, சுண்டெலி, மோர், ஊடை என்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும். கணவர் முதலில் முணுமுணுத்தார். இப்போது அந்த வாக்கியங்களை அவரே கட்டுகிறார். சில, எழுதக் கூடாதவை. மறக்காமல் இருக்க ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறோம். எழுதி வைப்பது பாவம் என்பார்கள் கற்றறிந்தவர்கள். எங்கள் பீரோவைத் திறக்க வருகிற திருடன் முதலில் எடுப்பது நோட்டாக இருக்காது.

டேலிக் கணக்குகள் வாரா வாரம் ஒரு வெளி டிஸ்க்கில் ஏறுகின்றன. இன்னொரு டிஸ்க் பெருந்துறையில் அம்மா வீட்டில். ஒருமுறை எடுத்து வேறு கணினியில் திறந்தும் பார்த்தேன். திறக்காத பேக்கப்பை நம்பி நான் மறுபடி பதினோரு இரவு உட்காரத் தயாராக இல்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. என் பழைய பிராசசரில் விண்டோஸ் 11 ஏறாது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வருகிற நீட்டிப்பில் சேர்ந்திருக்கிறேன். அதற்குள் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். நெசவுக் கூலி உயர்ந்தால் பார்க்கலாம் என்கிறார் கணவர். இந்த ஊரில் எல்லாமே கூலி உயர்ந்த பிறகுதான்.

நிறுத்திவைத்த 6,200 ரூபாய் இன்னும் கைக்கு வரவில்லை. இரண்டு முறை காவல் நிலையம், மூன்று முறை வங்கி. கோப்பு நகர்கிறது என்கிறார்கள்.

போன வாரம், தை முகூர்த்தத்துக்கு அழைக்க அவிநாசி மாமன் மகள் வந்திருந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. நின்றபடியே, “அத்தை, உங்கள் போனுக்கும் அனுப்பியிருக்கிறேன், மண்டபத்துக்கு வழியெல்லாம் அதில் இருக்கிறது” என்றாள்.

“பார்த்தேன் சாமி. நீதானா இல்லையா என்று தெரியவில்லை, அழித்துவிட்டேன்” என்றார் அத்தை. “நின்றுகொண்டே பேசுகிறாயே, உட்கார். மண்டபம் எங்கே என்று வாயால் சொல்.”